உடைத்தால் சத்தம் வரட்டும்

பதிப்பு எண் பூஜ்யத்தில் தொடங்குவதாக இருக்கும்வரை எதை வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்கிறது, மென்பொருள் பதிப்புகளுக்கு எண் போடும் முறையான செமாண்டிக் வெர்ஷனிங்கின் நான்காவது விதி. புதிதாகக் கட்டற்ற மென்பொருள் வெளியிடுகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான வரி கிடைக்காது. தமிழ்ச் சொற்களை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும் என் சின்ன பைத்தான் லைப்ரரியையும் (பிறர் தங்கள் நிரலில் எடுத்துப் பயன்படுத்தும் கோடுத் தொகுப்பு) 0.1 என்று எண் போட்டுத்தான் வெளியிட்டேன். விதிப்படி எல்லாம் சரி. அப்டேட் செய்ததும் வேலை நின்றுபோய் ஒருவர் இஷ்யூ (புகார்) போட்டால், "நாலாவது விதியைப் படிக்கலையா?" என்று கேட்டுவிடவும் செய்யலாம். அடுத்த முறை அவர் நம் பக்கமே வரமாட்டார், அவ்வளவுதான்.

லைப்ரரி செய்யும் வேலை எளிமையானது. பைத்தானில் 'தமிழ்' என்ற சரத்தின் நீளத்தைக் கேட்டால் 5 என்று சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. நமக்கு அது மூன்று எழுத்து. 'விகடகவி'யைத் திருப்பிப் போடச் சொன்னால் அநாதையாக ஓர் இகரக் குறி முன்னால் வந்து நிற்கும், நடுவில் ஒரு 'க' 'கி' ஆகிவிடும். இந்த எரிச்சலில் எழுதியதுதான் அந்த லைப்ரரி. குறுக்கெழுத்துப் போடும் நண்பர் ஒருவர், வெண்பாவுக்கு அசை பிரிக்கும் கருவி எழுதிய கல்லூரி மாணவர் ஒருவர், வசனவரிகளின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சின்ன நிறுவனம். எனக்குத் தெரிந்த யூசர்கள் இவர்கள்தான். தெரியாதவர்கள் எத்தனை பேர் என்பதை டவுன்லோட் கணக்கிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. தானியங்கி டெஸ்ட் ஓட்டும் சர்வர்களும் அதே கணக்கில்தான் சேரும்.

ஆள் குறைவாக இருக்கும்போது உடைப்பதா, காப்பாற்றுவதா? இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் நினைவுக்கு வருவார். 1976-ல் பெல் லேப்ஸில், நிரல்களைத் தொகுத்துக் கட்டும் 'மேக்' கருவியை எழுதியவர். அதற்கான கட்டளைகளை எழுதிவைக்கும் மேக்ஃபைலில் கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும், ஸ்பேஸ் போட்டால் ஏற்காது என்ற தொல்லை அவருக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பெரும்பாலும் நண்பர்கள். அவர்களைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டதாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தப் பன்னிரண்டு பேருக்கு மிச்சமான ஒரு பகல் வேலைக்கு, ஐம்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க மேக்ஃபைல் எழுதுகிறவர்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆகவே சின்ன வயதில் உடைக்கத் தயங்கக் கூடாது என்ற கட்சிதான் நான். எப்படி உடைப்பது என்பதில்தான் எனக்குப் பிடிவாதங்கள் உண்டு.

முதல் பிடிவாதம், நான் யூசராக இருந்து பட்ட பாட்டில் வந்தது. என் சொல்பட்டியல் ஒன்று வேறொரு லைப்ரரியை நம்பியிருந்தது. பெயர் வேண்டாம். அதுவும் பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணோடு இருந்த இளசுதான். அதில் ஒரு ஃபங்ஷன், உள்ளே வரும் சரத்தை யூனிகோட் முறைப்படி ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கும். ஒரு ரிலீஸில், வேகத்துக்காக, அந்தச் சீராக்கலை இயல்பு நிலையில் (நாம் எதுவும் சொல்லாதபோது) அணைத்துவிட்டார்கள். ஃபங்ஷன் பெயர் அதே, கொடுப்பது அதே, கிடைப்பதும் அதே வகை. எர்ரர் இல்லை, எச்சரிக்கை இல்லை, ரிலீஸ் குறிப்பில் "செயல்திறன் மேம்பாடு" என்று ஒரு வரி.

'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக வைக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்தோடு ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் மயிரிழை வேறுபாடும் தெரியாது. என் பட்டியலில் ஒரு பகுதி நேரடியாக யூனிகோடில் தட்டியது, இன்னொரு பகுதி பழைய எழுத்துருக் கோப்பிலிருந்து மாற்றியது. பழைய எழுத்துருக்களில் கொம்பும் காலும் தனித்தனி விசைகள் என்பதால் மாற்றிய பிறகும் அப்படியே தங்கிவிட்டன. சீராக்கல் நின்றதும் 'கொடி' பட்டியலில் இரண்டு முறை வந்தது. 'கோவில்', 'தோள்', 'மொழி' எல்லாம் இரட்டைப் பிறவிகள். நீளத்தை அச்சிட்டுப் பார்த்தால் ஒரு 'கொடி'க்கு 4, இன்னொன்றுக்கு 5. அதைக் கண்டுபிடிக்கும் முன்பே கெட்ட பட்டியல் டேட்டாபேஸுக்குள் போய், அதிலிருந்து வேறு இரண்டு இடங்களுக்கும் போயிருந்தது. கோடைத் திருத்துவது ஒரு வரி. டேட்டாவைத் திருத்துவது கழுத்தறுப்பு.

இதற்கு நேரெதிரான அனுபவம் என் லைப்ரரியிலேயே உண்டு. 0.4-ல், எழுத்துகளை லிஸ்ட்டாகத் தந்துகொண்டிருந்த ஃபங்ஷனை ஜெனரேட்டராக (கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தருவது) மாற்றினேன். பெரிய கோப்புகளைக் கொடுத்தால் மெமரி விழுங்கிக்கொண்டிருந்தது, அதற்காகத் தெரிந்தே செய்த உடைப்பு. குறுக்கெழுத்து நண்பர் அந்த லிஸ்ட்டை வெட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலம் வாட்ஸப்பில் வந்தார்: "மாப்ள, ஜெனரேட்டர் சப்ஸ்கிரிப்டபிள் இல்லைன்னு திட்டுதுடா உன் புது வெர்ஷன்." லிஸ்ட்டுக்குள் சுற்றிவிடச் சொன்னேன். சாப்பாட்டுக்கு முன்னால் அவர் தளம் ஓடிவிட்டது. நாலு வசவு கிடைத்தது, அதுவும் நட்பில் சேரும்.

இரண்டும் உடைப்புதான். ஒன்று கத்திக்கொண்டு உடைந்தது, இன்னொன்று வாயே திறக்காமல் உடைந்தது. அன்றிலிருந்து ஒரு மாற்றத்தைப் பார்க்கும்போது "இது உடைக்குமா" என்பதைவிட "உடைந்தால் யூசருக்கு எந்த வரியில் தெரியும்" என்றுதான் முதலில் கேட்கிறேன். பெயரை எடுப்பது, ஆர்கியூமென்டை (ஃபங்ஷனுக்குக் கொடுக்கும் மதிப்பை) கட்டாயமாக்குவது, வகையை மாற்றுவது எல்லாம் சத்தம் போடும். இயல்பு மதிப்பை மாற்றுவது, வட்டமாக்கும் முறையை மாற்றுவது, வரிசைப்படுத்தும் ஒழுங்கை மாற்றுவது, இவையெல்லாம் ஊமைக் காயங்கள். செமாண்டிக் வெர்ஷனிங் இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறது. நான் வைப்பதில்லை.

இந்தப் பாடம் 'க்ஷ' விவகாரத்தில் கைகொடுத்தது. என் லைப்ரரி 'க்ஷ'வை க், ஷ என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தது. குழந்தைகளுக்கு எழுத்து அட்டை தயாரிக்கும் ஆசிரியை ஒருவர் எழுதினார்: "தம்பி, அரிச்சுவடியில் க்ஷ ஒரே எழுத்து. உங்கள் நிரல் இரண்டு அட்டை அடித்துத் தருகிறது." நியாயமான புகார். யாப்புக் கருவிக்காரருக்கு இதுவே தலைகீழ். 'பக்ஷி'யைப் பக், ஷி என்று பிரித்தால்தான் நேர் நேர் என்று தேமா வரும். 'க்ஷி'யை ஒரே எழுத்தாக்கினால் இரண்டு குறில் சேர்ந்து நிரை என்று கணக்குப் போட்டுவிடும். எர்ரர் வராது. வெண்பா தளை தட்டும், ஏன் என்று தெரியாது.

ஆசிரியை சொன்னது சரி என்பதற்காக இயல்பை மாற்றியிருந்தால் மாணவரின் கருவி ஊமையாக உடைந்திருக்கும். பழைய ஃபங்ஷனைத் தொடாமல் புதுப் பெயரில் இன்னொன்று வைத்தேன். 'க்ஷ'வை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பதை அழைப்பவரே சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் நிரல் நிற்கும். முதல் பார்வைக்கு இது தொல்லை. "எதற்கு இத்தனை கேள்வி, நல்லதாக ஒன்றை நீங்களே தேர்ந்தெடுக்கக் கூடாதா" என்று இன்றும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் பொருந்தும் விடை இல்லாத இடத்தில் இயல்பு மதிப்பு வைத்தால், பிற்காலத்தில் அதை மாற்றும் உரிமையை நாமே தூக்கி எறிந்ததாகும்.

புதுப் பெயர் செலவில்லாத பொருள். டேட்டாவைச் சரிபார்க்கும் பைத்தான் லைப்ரரியான பைடான்டிக் 2023-ல் இரண்டாம் பதிப்புக்குப் போனபோது, பழைய முதல் பதிப்பைத் தனிப் பெயரில் உள்ளேயே வைத்து அனுப்பினார்கள். லைப்ரரியை அழைக்கும் இம்போர்ட் வரியை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய கோடை ஓட்டிக்கொண்டே, கோப்பு கோப்பாகப் புதியதற்கு வர முடிந்தது. பெரிய அணிகள் செய்கிற இந்த வேலை சின்ன லைப்ரரிக்கு இன்னும் எளிது. என் பழைய ஃபங்ஷன் மொத்தமே ஒரு பக்கம்தான்.

இந்த இடத்தில் ஹைரம் விதியையும் சொல்லியாக வேண்டும். கூகுளில் இருந்த ஹைரம் ரைட் பெயரில் வழங்குவது. யூசர்கள் போதுமான அளவு சேர்ந்துவிட்டால், நீங்கள் ஆவணத்தில் என்ன உறுதி கொடுத்தீர்கள் என்பது முக்கியமில்லை, கண்ணுக்குத் தெரியும் நடத்தை ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் நம்பியிருப்பார் என்பது அதன் சாரம். நம் கையில் இல்லாத நடத்தைகளும் இதில் அடக்கம். 2023-ல் யூனிகோட் 15.1 வந்தபோது, பயனர் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரியும் தொகுதியைப் பிரிக்கும் விதி மாறியது. தேவநாகரி, தெலுங்கு, மலையாளம் போன்ற எழுத்துமுறைகளில் கூட்டெழுத்து ஒரே தொகுதியானது. அந்த விதியை அப்படியே பின்பற்றும் லைப்ரரிகளில், யாரும் ஒரு வரியும் மாற்றாமல் இந்திச் சொற்களின் எழுத்துக் கணக்கு மாறியிருக்கும். தமிழ் அந்தப் பட்டியலில் இல்லை. பிழைத்தேன்.

எச்சரிக்கை பற்றி. பழையதை எடுக்கப் போகிறோம் என்று டெப்ரிகேஷன் வார்னிங் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பைத்தானில் அந்த வகை எச்சரிக்கை, நேரடியாக ஓட்டும் கோப்பில் எழுந்தால் தவிர, இயல்பாகவே மறைக்கப்பட்டிருக்கும். டெஸ்ட் எழுதி பைடெஸ்ட் கருவியில் ஓட்டுகிறவர் பார்ப்பார். டெஸ்ட் எழுதாதவர் பழையதை எடுத்த அன்றுதான் பார்ப்பார், நம் யூசர்களில் அந்த இனமே அதிகம். கலெக்‌ஷன்ஸ் மாட்யூலில் (பைத்தானோடு வரும் ஒரு தொகுப்பு) இருந்த மேப்பிங் முதலான வகைகள் 2012-ல், பைத்தான் 3.3-லேயே வேறு இடத்துக்குக் குடிபோய்விட்டன. பழைய முகவரியை 3.9-ல் எடுப்பதாக இருந்து, ஒரு பதிப்பு தள்ளிப்போட்டு, 2021-ல் 3.10-ல் எடுத்தார்கள். ஒன்பது ஆண்டு அவகாசம். அப்படியும் 3.10 வந்ததும் எத்தனையோ பேக்கேஜ்கள் இம்போர்ட்டிலேயே விழுந்தன. அவகாசத்தின் நீளம் உதவுவதில்லை, கண்ணில் படுவதுதான் உதவுகிறது.

அதனால் நான் ஃபியூச்சர் வார்னிங் வகையைப் பயன்படுத்துகிறேன், அது எல்லோருக்கும் தெரியும்படி வரும். இன்னொரு சின்ன விஷயம்: ஸ்டாக் லெவலை (எச்சரிக்கை யாருடைய வரியைக் காட்ட வேண்டும் என்ற எண்) 2 என்று கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் எச்சரிக்கை என் லைப்ரரியின் வரி எண்ணைக் காட்டும், யூசர் அதைப் பார்த்து "இது அவர்கள் பிரச்சினை" என்று நகர்ந்துவிடுவார். 2 கொடுத்தால் அவருடைய கோப்பு, அவருடைய வரி எண் வரும். செய்தியிலும் "இது கைவிடப்படுகிறது" என்று எழுதிப் பயனில்லை. அந்த வரிக்குப் பதில் எதை எழுத வேண்டும் என்பதை அப்படியே காப்பி செய்யும்படி கொடுத்துவிடுவேன்.

எச்சரிக்கையைவிட முக்கியமானது ஒன்று உண்டு. ஒரே கோடு பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் ஓடக்கூடிய ஒரு கட்டம் நடுவில் இருக்க வேண்டும். இதை பைத்தான் 3 கற்றுக்கொடுத்தது, அதுவும் தமிழில் நிரல் எழுதியவர்களுக்கு நன்றாகவே கற்றுக்கொடுத்தது. பைத்தான் 2-ல் தமிழ்ச் சரம் ஒவ்வொன்றுக்கும் முன்னால் 'யு' என்ற எழுத்தைப் போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் பைட் குவியல். 2008 டிசம்பரில் வந்த 3.0, அந்த 'யு'வைப் பிழை என்று சொல்லிவிட்டது. தேவையில்லாமல் போனது நல்ல விஷயம், தடை செய்ததுதான் வினை. ஆங்கிலச் சரங்களோடு வேலை செய்தவர்களுக்கு இது அங்கொன்றும் இங்கொன்றும். நமக்கோ வரிக்கு வரி. இரண்டிலும் ஓடும் கோடு வேண்டுமென்றால் சுற்றி வளைத்து எழுத வேண்டியிருந்தது. 2012-ல் 3.3 அந்த 'யு'வை மறுபடி அனுமதித்தது. அர்த்தம் எதுவும் கிடையாது, சும்மா ஏற்றுக்கொள்ளும். எவ்வளவு மலிவான சலுகை, அதற்கு நாலு ஆண்டு.

டேட்டாபேஸோடு பேசும் பைத்தான் லைப்ரரியான எஸ்கியூஎல்ஆல்கெமி இதை முன்னாலேயே யோசித்துச் செய்தது. 2.0 வருவதற்கு முன் 2021-ல் 1.4 என்று ஒரு பாலப் பதிப்பு விட்டார்கள். புதிய எழுத்து நடையும் பழையதும் இரண்டும் அதில் ஓடும், ஒரு என்விரான்மென்ட் வேரியபிளை (நிரலுக்கு வெளியே வைக்கும் அமைப்பை) போட்டால் 2.0-ல் எதெல்லாம் விழும் என்று பட்டியல் தரும். 2023-ல்தான் 2.0 வந்தது. இப்போது என் லைப்ரரியிலும் எதை எடுப்பதானாலும், எடுப்பதற்கு முந்தைய ரிலீஸில் மாற்று வழி ஏற்கெனவே வேலை செய்ய வேண்டும் என்பதை விதியாக வைத்திருக்கிறேன். எடுப்பதும் மாற்று வருவதும் ஒரே ரிலீஸில் நடந்தால், யூசர் இரண்டு காலையும் ஒரே நேரத்தில் தூக்க வேண்டியிருக்கும்.

இனி கூலி விஷயம். உடைப்பதால் வருகிற வேலையை யார் செய்வது? பெரிய பிராஜெக்டுகள் இதற்குக் கருவி எழுதுகின்றன. கோ மொழி 2012-ல் 1.0 வருவதற்கு முன் அடிக்கடி உடைந்துகொண்டிருந்த காலத்தில், பழைய கோடைப் புதியதாக மாற்றி எழுதும் ஒரு நிரலையும் கூடவே கொடுத்தார்கள். 1.0-க்குப் பிறகு உடைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, அதைப் பெருமளவு காப்பாற்றியும் வருகிறார்கள். நமக்குக் கருவி எழுத நேரமிருக்காது. பதிலாக, தெரிந்த யூசர்களின் ரிப்பாசிட்டரிகளை (கோடுக் கிடங்குகளை) கீழே இறக்கி, ரிலீஸுக்கு முன் புதுப் பதிப்போடு அவர்கள் டெஸ்ட்டை ஓட்டிப் பார்க்கிறேன். விழுந்தால் புல் ரெக்வெஸ்ட் (திருத்திய கோடை ஏற்கச் சொல்லும் கோரிக்கை) நானே அனுப்பிவிடுவேன். வெண்பா மாணவருடைய கருவிக்கு அப்படி அனுப்பியபோது, "அண்ணா, நான் அப்டேட்டே பண்ணலையே, அதுக்குள்ள ஃபிக்ஸ் வந்துடுச்சு" என்று பதில் போட்டார். மூடிய கோடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மெயிலில் பழைய வரி, புது வரி என்று எழுதி அனுப்புவேன். யூசர்கள் ஐந்தாறு பேராக இருக்கும்வரைதான் இந்தச் சொகுசு. உடைக்க வேண்டியவற்றை இந்தக் காலத்திலேயே உடைத்து முடித்துவிட வேண்டும் என்று நான் அவசரப்படுவதற்கும் அதுதான் காரணம்.

வெளியீட்டுக்கு முன்னோட்டமாக ரிலீஸ் கேண்டிடேட் விடுவதும் நல்லதுதான். ஆனால் பைத்தான் லைப்ரரிகளை நிறுவும் பிப், நாம் கேட்டால்தான் அதை இறக்கும். அதாவது, ஆளைப் பிடித்து "இதை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்" என்று சொன்னால்தான் யாராவது ஓட்டுவார்கள்.

எண் போடுவதில் ஒரு நடைமுறைச் சிக்கல். லைப்ரரிகளை நிறுவும் கருவிகளான என்பிஎம், ரஸ்டின் கார்கோ, பைத்தானின் பொயட்ரி மூன்றுமே 0.3-லிருந்து 0.4-க்குப் போவதை உடைக்கும் மாற்றமாகவே எடுத்துக்கொண்டு, தானாக மேலேற்றாது. வெறும் பிப் அப்படிக் கிடையாது, எல்லை எழுதாவிட்டால் கிடைக்கிற புதியதை இழுத்துப் போடும். அதனால் ரீட்மீயில் (லைப்ரரியின் முகப்புக் குறிப்பு) நிறுவும் கட்டளையையே ~=0.4.0, அதாவது 0.4 வரிசைக்குள் மட்டும், என்று எழுதிவைத்தேன். ரீட்மீயில் இருப்பதைத்தான் எல்லோரும் காப்பி செய்கிறார்கள். அப்படிப் பார்த்தால் ரீட்மீயில் இருப்பதுதான் உண்மையான ஏபிஐ (யூசர்கள் நம்பும் வெளிமுகம்). ஆவணத்தின் ஒன்பதாம் பக்கத்தில் "இது சோதனை நிலை" என்று எழுதிய ஃபங்ஷன் ரீட்மீ உதாரணத்தில் வந்துவிட்டால், அது சோதனை நிலை கிடையாது, கல்லில் வெட்டியது. அடிக்கோட்டில் தொடங்கும் உள்பெயர்களை மாற்றும்போது எனக்குத் தயக்கமே இருப்பதில்லை. ரீட்மீயில் ஒரு வரியைச் சேர்க்கத்தான் இப்போதெல்லாம் யோசிக்கிறேன்.

கோப்பில் எழுதிவைக்கும் டேட்டாவுக்கு மேலே சொன்ன எந்தச் சலுகையும் கிடையாது. லைப்ரரி ஏதாவது ஜேசன் வடிவக் கோப்பு எழுதுகிறதென்றால் முதல் நாளே அதில் வடிவ எண் ஒன்று வையுங்கள். பழைய கோப்பைப் படிக்கும் கோடை எப்போதும் எடுக்காதீர்கள்.

1.0 எப்போது என்பது அடுத்த கேள்வி. உங்கள் மென்பொருளை யாராவது உண்மையான வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அது ஏற்கெனவே 1.0 ஆக இருந்திருக்க வேண்டும் என்று செமாண்டிக் வெர்ஷனிங்கின் கேள்வி-பதில் பகுதியிலேயே இருக்கிறது. நாலாவது விதியை மேற்கோள் காட்டுகிறவர்கள் அதுவரை படிப்பதில்லை. எனக்கு அந்த நேரம் எப்போது வந்ததென்றால், முன்பின் தெரியாத ஒருவர் தன் கோடின் துணுக்கை ஒட்டிச் சந்தேகம் கேட்டபோது. அவர் வீட்டு வாசலுக்குப் போய் நான் திருத்திக் கொடுக்க முடியாது. பெயர்களை எல்லாம் ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்து, பிடிக்காதவற்றை ஒரே ரிலீஸில் மாற்றி, 1.0 போட்டேன். பூட்டியபின் பெயர் மாறாது என்பதற்கு நம் வீட்டு உதாரணம் ஒன்று போதும். ஆய்த எழுத்துக்கு யூனிகோடில் அதிகாரப்பூர்வப் பெயர் 'தமிழ் சைன் விசர்கா' (விசர்கா வடமொழியின் குறி). தவறென்று எல்லோருக்கும் தெரியும், ஆய்தம் என்று பக்கத்தில் குறிப்பும் இருக்கிறது. பெயர்களை மாற்றுவதில்லை என்பது அவர்கள் கொள்கை, ஆகவே விசர்கா விசர்காவாகவே இருக்கும். யூனிகோடை நம்பி நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அதில் புகார் இல்லை.

இப்போது திறந்திருக்கும் இஷ்யூ ஒன்று 'ஔ' பற்றியது. 'ஔவை'யை நிறையப் பேர் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகத் தட்டுகிறார்கள். திரையில் கிட்டத்தட்ட ஒன்றாகவே தெரியும். லைப்ரரி அதைக் கண்டுபிடித்துத் தானே 'ஔ' ஆக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டு, கோடும் எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கோடு. ஆனால் 'ஒளி', 'ஒளிவு' என்று உண்மையிலேயே ஒகரமும் ளகரமும் சேர்ந்து வரும் சொற்களும் இருக்கின்றன. அதைவிட, பிரிக்கும் ஃபங்ஷனுக்குள் இதை வைத்தால் ஏற்கெனவே எண்ணிவைத்த எல்லாக் கணக்கும் ஊமையாக மாறும். தனி ஃபங்ஷனாக, சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டுவதோடு நிற்கும்படி மாற்றித் தரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு இன்னும் சமாதானமாகவில்லை. பேசிக்கொண்டிருக்கிறோம்.